சரோஜாவுக்கு ஒரு உறி

வரதராஜன்பேட்டைக்கு வெளியே கல்யாணக் குதிரை வைத்திருக்கும் வீடு எது என்று கேட்டால் காத்தாயி வீட்டைத்தான் காட்டுவார்கள். முப்பது வருஷம் அடுத்தவர் வயலில் களை பறித்தவள். இன்று லப்பைக்குடிக்காட்டு மாப்பிள்ளைகள் அவளுடைய சரோஜாவின் முதுகில் ஏறித்தான் ஊர்வலம் போகிறார்கள். ஆனால் அந்தக் குதிரையிடம் ஒரு குணத்தை மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை. தின்கிற தீனியில் பாதியைப் பாழாக்கிவிடும்.

மாட்டுக்குப் போடுவது போலக் கடலைக்கொடியைத் தரையில் குவித்துப் போடுவாள். சரோஜா இலையை மட்டும் பொறுக்கித் தின்னும், மிச்சத்தை மிதிக்கும், அதன் மேலேயே மூத்திரம் பெய்யும். பிறகு பட்டினி கிடந்தாலும் அதில் வாய் வைக்காது. அடேயப்பா, என்ன ராங்கி!

“கொள்ளுன்னா வாயத் தொறக்கும், கடிவாளம்னா வாய மூடும்னு சும்மாவா சொன்னாங்க,” என்பான் அவள் புருஷன் செல்லமுத்து. ஐப்பசியிலேயே கொடிப்போர் பாதியாகிவிட்டது. அடுத்த கடலை சித்திரையில்தான். “தீனி தாங்காது. பொங்கல் கழிச்சுக் குடுத்துடுவோம். திருச்சிக்காரர் கேட்டுக்கிட்டே இருக்காரு.”

அவளிடம் அவன் கேட்கவில்லை, சொன்னான். அந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான். காத்தாயிக்குச் சரோஜாவைக் கொடுக்க மனசில்லை. அவள் குரல் கேட்டதும் கனைக்கிற ஜீவன் உலகத்தில் அது ஒன்றுதான்.

எப்படியாவது போரை மிச்சம் பிடிக்க வேண்டும். மிதிபட்ட கொடியைப் பொறுக்கி, உதறி, காயவைத்து மறுபடி போட்டாள். மாடு வளர்த்த கைக்கு வேறென்ன தோன்றும்? வேறு தீனி கிடைக்காத சரோஜா நாலாம் நாள் அதைத் தின்றது. ஐந்தாம் நாள் காலையில் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, காலால் மண்ணைப் பறித்தது, விழுந்து புரண்டது.

கால்நடை டாக்டர் பிரவீணா வந்து ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு மருந்து ஊற்றினார். மத்தியானம் அது லத்தி போட்ட பிறகுதான் காத்தாயிக்கு உயிர் வந்தது.

“என்னம்மா குடுத்தீங்க?”

“கீழ விழுந்ததத்தாங்க, காயவச்சு…”

“பூஞ்சை புடிச்சிருக்கும்மா. மாடு மாதிரி இதுக்கு அசை போட வராது, வாந்தியும் வராது. உள்ள போனா போனதுதான். விழுந்தத எடுத்துப் போடாதீங்க. விழாமப் பாத்துக்குங்க.”

“பாவி, எங் கையாலயே வெசத்த வச்சேனே!” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள் காத்தாயி. அழுது முடித்ததும் நைலான் கயிற்றை எடுத்து உறி பின்ன உட்கார்ந்தாள். கொடியை அதில் அடைத்து, குளம்பு மாட்டாத உயரத்தில் கட்டினாள்.

“குதிரைக்கு உறியடித் திருவிழாவா?” என்று சிரித்தான் செல்லமுத்து.

அவன் சிரித்ததும் சரிதான். உறியின் கண் பெரிதாகப் போய், ஒரே இழுப்பில் பாதி கொடி கீழே வந்தது. அவிழ்த்து, இரண்டு விரல் கண்ணாக மறுபடி பின்னினாள். இப்போது சரோஜாவுக்குக் கோபம். உறியை முட்டியது, முறைத்தது, முதுகைக் காட்டி நின்றது. “இருடி, எனக்கும் வீம்பு இருக்கு,” என்று இவளும் நகரவில்லை. சாயங்காலம் பசி ஜெயித்தது. ஒவ்வொரு கொடியாக உருவி நிதானமாக மென்றது. அடியில் படுதா விரித்து, உதிர்ந்த இலையை மிதிபடுமுன் அள்ளி உறிக்குள் போட்டாள். அன்றிலிருந்து தினமும் அதே வேலைதான்.

பொங்கல் கழிந்து நாலாம் நாள் திருச்சிக்காரர் வண்டியோடு வந்துவிட்டார். காத்தாயி போரடியில் நின்றாள். போர் இன்னும் அவள் தோள் உயரம் இருந்தது, சித்திரை வரை தாங்கும். செல்லமுத்து போரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

“வரச் சொன்னது நாந்தாங்க. ஆனா அவளக் கேளுங்க. குதிரை அவளோடது.”

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவளைக் கேளுங்கள் என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள்.

“வெறும் வண்டியா திரும்புறோமேன்னு சங்கடப்படாதீங்க,” என்றாள். “வெயில்ல வந்திருக்கீங்க. மோர் குடிச்சிட்டுப் போங்க.”