பாக்டீரியாவுக்குப் பிளீச்சிங் போட்டவன்

சோதனைக் குழாயில் இருந்த தண்ணீர் மஞ்சளாகி, பிறகு டீ நிறத்துக்குப் போனது. சுற்றி நின்ற ஆபீசர்கள் யாருக்கும் அதன் அர்த்தம் புரியவில்லை. குழாயைப் பிடித்திருந்த ஷாஹிதாவுக்குப் புரிந்தது, எனக்கும் புரிந்தது. இப்போது நினைத்தாலும் எனக்கு முகம் சுடுகிறது.

கடலூரிலும் சிதம்பரத்திலுமாகக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பெயர் சம்பந்தம். கடைசியாக இருந்தது சிதம்பரத்துக்கு வெளியே, நகராட்சிக்காக ஒரு தனியார் கம்பெனி நடத்திய நிலையத்தில், பிளான்ட் இன்சார்ஜாக. என் பிளான்ட் சுத்தத்துக்குப் பெயர்போனது. மோட்டார் ரூம் தரையில் இலை போட்டுச் சாப்பிடலாம் என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலையில் கொம்பு முளைத்திருந்தது.

1. கரிப் பை

ஷாஹிதா பரங்கிப்பேட்டைப் பெண். கல்லூரியில் பிஎச்.டி. ஆராய்ச்சி. காட்டுமன்னார்கோயில் ரைஸ் மில்லில் உமிக்கரி வாங்கி, அதன்மேல் நானோ அளவில் இரும்பு ஆக்சைடு பூசிச் சின்ன உருண்டைகளாக்கி வைத்திருந்தாள். நானோ காம்போசிட் என்று அதற்குப் பெயர். அவற்றை வலைப்பைகளில் கட்டி சோதனைக்கென்று வைத்திருந்த எங்கள் சின்ன பைலட் டேங்கில் தொங்கவிட்டாள்.

"இது எதுக்கும்மா? காத்து ஓடுது, பாக்டீரியா இருக்குது, அது பாட்டுக்கு வேல செய்யுது" என்றேன்.

"மழக்காலத்துல அமோனியா எறங்கவே மாட்டேங்குதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க? அமோனியாவ நைட்ரேட்டா மாத்துற பாக்டீரியா ரொம்ப மெதுவா வளரும். தண்ணி வேகமா வந்தா அடிச்சிக்கிட்டுப் போயிடும். கரியில ஒட்டிக்கிச்சுன்னா போவாது. நைட்ரேட்ட நைட்ரஜன் வாயுவா மாத்தி வெளிய அனுப்புறது வேற ஜாதி. அது கரிக்கு உள்ளார, காத்து படாத எடத்துல இருக்கும். அதுங்களுக்குள்ள எலக்ட்ரான் கைமாத்துறதுக்கு இரும்பு ஒத்தாச பண்ணும்."

நான் தலையாட்டினேனே தவிர நம்பவில்லை. ஐப்பசி மழை வந்தது. மெயின் டேங்கில் வழக்கம்போல் அமோனியா ஏறியது. பைலட் டேங்கின் தண்ணீரை எடுத்து நெஸ்லர் சொட்டு விட்டோம். அமோனியா இருந்தால் மஞ்சளாக்கிக் காட்டிக்கொடுக்கும் மருந்து அது. தண்ணீர் நிறம் மாறவில்லை. கரிமேல் பழுப்பாக, வழவழவென்று ஒரு படலம் பிடித்திருந்தது. அன்றிலிருந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பையைத் தூக்கிக் காட்டினேன். ஏதோ நானே பூசியது மாதிரி.

அவளுடைய உதவித்தொகை அந்த வருடத்தோடு முடிகிறது. நகராட்சி மேலிடத்திலிருந்து ஆபீசர்கள் வந்து பார்த்துச் சரி என்று சொன்னால், மெயின் டேங்கிலும் போட்டுப் பார்க்க இன்னொரு வருடம் கிடைக்கும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். எல்லாம் அந்த ஒரு விசிட்டில் இருந்தது.

2. வெள்ளைக் கோடு

நகராட்சி ஜூனியர் இன்ஜினியர் போன் செய்தார். "சார், நாளைக்குப் பெரியவரு வர்றாரு. பிளான்ட் பளிச்சுனு இருக்கணும்."

நம் பக்கத்தில் பெரிய ஆபீசர் வருகிறார் என்றால் பாதை ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடரில் கோடு போட்டாக வேண்டும். கோடு இல்லாவிட்டால் மரியாதைக் குறைவு. ஆபரேட்டர் ஏழுமலை மூட்டையைப் பிரித்துக்கொண்டே கேட்டான்.

"டேங்க் மேல நடைபாதைக்கும் போடவா மாமா?"

"அங்கதானடா ஏறி நின்னு பாப்பாங்க. அங்கதான் ஜாஸ்தியா போடணும்."

பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும் என்பது எனக்குத் தெரியாதா? கடைசித் தொட்டியில் தினமும் அதைக் கலக்கிவிட்டவனே நான்தான். ஆனால் அன்று அது எனக்கு மருந்தாகவே தெரியவில்லை. கோலமாவு மாதிரித் தெரிந்தது.

நடைபாதை இரும்புக் கம்பி வலை. அதற்கு நேர் கீழே பைலட் டேங்க். ராத்திரி பெய்த மழை எல்லாவற்றையும் கீழே இறக்கிவிட்டது. காலையில் கோடு கலைந்து அசிங்கமாக இருந்ததால், ஹோஸ் அடித்துக் கழுவிவிட்டுப் புதிதாகப் போடச் சொன்னேன்.

3. சால்வை

ஷாஹிதா வந்து ஏணியில் ஏறியவள் பாதியிலேயே நின்றாள்.

"சார், பிளீச்சிங் வாட அடிக்குதே?"

"விசிட்டுக்காகம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவள் கீழே தண்ணீரைப் பார்த்தாள். கார்கள் கேட்டுக்குள் நுழைந்துவிட்டன.

எல்லோர் முன்னாலும் தண்ணீர் எடுத்து, நெஸ்லர் விட்டு, குழாயை உயர்த்திப் பிடித்தாள்.

"கலரே வராதுன்னீங்களேம்மா?" என்றார் பெரியவர்.

நான்தான் சொன்னேன். "சார், அவுங்க மேல தப்பு இல்ல. டேங்க் மேல பிளீச்சிங் போடச் சொன்னது நான்தான். பாக்டீரியா செத்துப்போச்சு."

அவர் சிரித்துவிட்டார். "செத்தா வேற போட்டுக்கலாம். ஆனா பிளான்ட்ட எவ்ளோ நீட்டா வச்சிருக்கீங்க. மத்தவங்க வந்து பாத்துக் கத்துக்கணும்." அவருக்குப் போர்த்திய சால்வையைக் கழற்றி எனக்குப் போர்த்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். குழாய் கையில் இருந்ததால் ஷாஹிதா மட்டும் தட்டவில்லை.

நான் கூனிக் குறுகி நின்றேன். போட்டோவில் அது பணிவாகத் தெரிகிறது.

கரி விஷயத்தைக் கேட்டதற்கு, "ரிசல்ட் வரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அவர்கள் போனதும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், நல்லதுன்னு நெனச்சுதான செஞ்சீங்க" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

4. இரண்டாம் தடவை

செத்த டேங்குக்குப் பாக்டீரியா உயிரோடு இருக்கும் சேறு வேண்டும். கடலூர் நிலையத்துக்கு லோடு ஆட்டோவில் கேன்களோடு போனேன். அங்கே இருந்த சேகர் என் பழைய கூட்டாளி.

"என்ன மச்சான், உன் பாக்டீரியாவுக்கு நீயே மருந்து வச்சிட்டியாமே. அதுக்கு சால்வ வேறயாம்."

பல்லைக் கடித்துக்கொண்டு கேன்களை நிரப்பினேன்.

அந்தச் சேற்றை ஊற்றி, காற்றைக் கூட்டிக் குறைத்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது மாதிரி தினமும் பார்த்தோம். தை பிறந்த பிறகு ஒரு நாள் நெஸ்லர் விட்டால் நிறம் வரவில்லை. கரிமேல் படலம் மறுபடி பிடித்திருந்தது. போன் போட்டு ஆபீசில் சொன்னேன். "டிரையல் டைம் முடிஞ்சிடுச்சே சார், டேங்க காலி பண்ணிக் குடுத்துடுங்க" என்றார் ஜூனியர் இன்ஜினியர்.

பைகளை நான்தான் வெளியே இழுத்தேன். வழவழப்பு கையெல்லாம் ஒட்டியது.

"எங்க வைக்கட்டும்மா?"

"வெயில்ல போட்டுடுங்க சார். காஞ்சதும் எடுத்துக்கிட்டுப் போறேன்."

காய்ந்தால் படலம் முழுக்கச் செத்துவிடும். அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். சிமெண்ட் தரையில் ஒவ்வொரு பையாகப் பரப்பினேன். இரண்டாம் தடவையும் என் கையாலேயே.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். நம் பிளான்டில் உண்மையான வேலையாட்கள் கண்ணுக்குத் தெரியாதவர்கள். எந்த மூட்டையைப் பிரிக்கும் முன்னாலும், இது யாருக்காக என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு என்னை யாராவது அப்படிக் கேட்டிருந்தால், வருகிறவர்களுக்காக என்று பெருமையாகச் சொல்லியிருப்பேன்.