ஆயுத பூஜையில் குளித்த வாட்ச்

திண்டிவனத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஜெகதீசனிடம், ஏறக்குறைய அவர் வயதே ஆன ஒரு சாவி கொடுக்கிற வாட்ச் இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கியது. கையில் கட்டியதைவிடக் கைக்குட்டையில் கட்டி வைத்ததுதான் அதிகம். வேர்வை படக்கூடாது, நெருப்புப்பொறி படக்கூடாது. படலாம் என்றால் அவர் கண் மட்டும்தான். தினமும் காலையில் சாவி கொடுப்பார். மணி பார்க்க செல்போனை எடுப்பார்.

மனைவி செண்பகம் கிட்டே போனாலே, "தொடாத! அது வாட்ச்சு இல்லடி, சாமி" என்பார்.

செண்பகம் அதை நம்பிவிட்டாள்.

போன ஆயுத பூஜைக்கு அவர் பூசணிக்காய் வாங்கப் போன நேரம், சுத்தியல், ஸ்பேனர் எல்லாவற்றையும் கழுவி வைத்தாள். சாமியை மட்டும் விடுவாளா? சீயக்காய்த் தண்ணீரில் ஒரு முக்கு, நல்ல தண்ணீரில் ஒரு முக்கு. கண்ணாடி மேல் சந்தனம், குங்குமம்.

ஜெகதீசன் வந்து பார்த்தபோது கண்ணாடிக்குள் ஆவி கட்டியிருந்தது. முள் நின்றுபோயிருந்தது.

"இன்னாடி பண்ண?"

"சாமின்னீங்க. குளிப்பாட்டுனேன்."

"கொன்னுட்டியேடி!"

"பத்து வருசமா குளிக்காத சாமி எங்கனா இருக்குதா? எம்மாம் அழுக்கு வந்துச்சு தெரியுமா?"

மறுநாள் முதல் பஸ்ஸில் விழுப்புரம் கிளம்பினார். பழைய மெஷின், உள்ளே துரு ஏறியிருந்தால் அவ்வளவுதான். செண்பகத்தை ஆயுசுக்கும் திட்டுவதற்கு வேண்டியதை விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் யோசித்து முடித்துவிட்டார்.

வாட்ச் கடை அறிவுச்செல்வன் மூடியைத் திறந்து, லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"துரு ஏறலீங்க, காய வச்சிடலாம். ஆனா உள்ள ஒரு சொட்டு எண்ணெ இல்லியே? தொறந்து எத்தினி வருசமாச்சு?"

"எவனையும் தொட வுட்டதில்ல" என்றார் ஜெகதீசன் பெருமையாக.

"அதான் காஞ்சிபோயி தேஞ்சிக்கினு கெடக்குது. இன்னும் ஆறு மாசம் இப்படியே ஓட்டியிருந்தா சக்கரமே போயிருக்கும். தண்ணி வுட்டவங்களுக்குப் புண்ணியமா போவட்டும்."

நாலு நாள் கழித்து மறுபடி போய், எண்ணெய் போட்டு ஓடுகிற வாட்ச்சோடு ஜெகதீசன் வீடு திரும்பினார். வாசலிலேயே செண்பகம் நின்றிருந்தாள்.

"ஓடுதாங்க?"

"ம்."

"கடைக்காரரு இன்னா சொன்னாரு?"

ஜெகதீசன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தெரியாம பண்ணிட்டாங்க, மன்னிச்சி வுட்டுடுங்கன்னாரு. சரி, பெரிய மனுசன் சொல்றாரேன்னு வுட்டுட்டேன்."

"நல்ல மனுசன்" என்ற செண்பகம், கடைக்காரருக்குக் கொடுத்தனுப்ப ஒரு படி மல்லாட்டைக் கடலையை அளந்து பையில் கட்டினாள்.