ஒப்பாரி வைக்காத சாவுகள்

நேற்று மழை விட்டதும் பஞ்சாயத்து ஆட்கள் வந்து தெருவெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனார்கள். நீங்கள் இரண்டு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினீர்கள். நான் வாசலிலேயே நின்று அந்த நெடியை இழுத்துக்கொண்டிருந்தேன். "ஒங்கப்பாவுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு, வந்து பாருங்க" என்றாள் உங்கள் அம்மா. கிறுக்கு இல்லை பிள்ளைகளே. அந்த நெடி வந்தால் எனக்கு ஒரு பழைய அம்பாசடர் கார் ஞாபகம் வந்துவிடும்.

எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டுத் தஞ்சாவூரில் நான் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. சனிக்கிழமையானால் கல்லூரிப் பேராசிரியை ஒருவர் வந்து ஏறிக்கொள்வார். எந்த ஊரில் இறங்கினாலும் முதலில் கிணற்றடிக்குத்தான் போவார். தண்ணீரை மோந்து பார்ப்பார்; பிளீச்சிங் பவுடர் நெடி அடித்தால்தான் குடத்தில் மொண்டு காரில் ஏற்றச் சொல்வார். அவர் பாடம் நடத்தியது மருத்துவ வரலாறு. நோய்க்குக்கூடச் சரித்திரம் உண்டு என்று எனக்கு எங்கே தெரியும்? டாக்டர் என்று நினைத்து முதல் நாளே என் இருமலைச் சொல்லி மருந்து கேட்டேன்.

நான்தான் அப்படி என்றால் ஊர்களிலும் அதே கதை. ஒரு பெரியவர் வாயைப் பிளந்து கடைவாய்ப் பல்லைக் காட்டினார்.

"நான் செத்தவங்களுக்குத்தான் டாக்டர், ஐயா."

"அப்படியா? கொஞ்ச நாள் கழிச்சு வாங்க தாயி, நானே ஒங்களத் தேடுவேன்."

அன்று கார் மன்னார்குடி வந்து சேரும்வரை பேராசிரியை அம்மா சிரித்துக்கொண்டே வந்தார்.

ஆனால் அவர் தேடியது சிரிக்கிற சங்கதி இல்லை. வெள்ளைக்காரன் காலத்துக் கடைசியில் நம் பக்கம் வாந்திபேதி வந்து கூலிக்காரத் தெருக்களை வாரிக்கொண்டு போனது. சர்க்கார் காகிதங்களில் அந்தச் சாவுகளில் பாதி வெறும் 'காய்ச்சல்' என்று இருந்ததாம். ஆட்களைக் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்று டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். ஆட்களோ அந்தப் பேரைச் சொன்னாலே எழுந்து போய்விடுவார்கள். பேதியில் செத்தவர்களுக்குப் பறை கிடையாது, ஒப்பாரி கிடையாது. அழுகைச் சத்தம் கேட்டால் அது அந்த வீட்டுக்கே திரும்பி வரும் என்று பயம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அம்மா கேள்வியை மாற்றினார்.

"அந்த வருஷம் யார் யாருக்கு ஒப்பாரி வைக்காம விட்டீங்க?"

அவ்வளவுதான். கிழவிகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். பிறகு ஒவ்வொரு பேராக வரும்.

உங்கள் தாத்தாவின் அம்மாவும் அப்படிப் போனவர்தான். தாத்தாவுக்கு அப்போது பால் பல்கூட விழவில்லை. அத்தை வீட்டுக்குத் துரத்திவிட்டிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது குடிசையைக் கொளுத்தியிருந்தார்கள். தாயை எங்கே புதைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. பேரன் பேத்தி எடுக்கிற வயசிலும் அவருக்கு அது ஆறவில்லை. "அந்தம்மா ஊரு ஊராக் கேக்குதே, நம்ம வீட்டு ஆளயும் கேக்கச் சொல்லுடா" என்றார்.

பேராசிரியை அம்மா கேட்டதற்குப் பக்கத்து ஊரில் பாக்கியம் என்ற கிழவி சொன்னார். "வடிகால் கரையில, ரெட்டப் பனைக்குக் கீழண்ட எறக்கினாங்க. வண்டி போறத நான் பாத்தேன்."

அடுத்த வாரம் மூவரும் போனோம். தாத்தா சலவை வேட்டி கட்டியிருந்தார். மடியில் சூடம், ஒரு சீப்பு வாழைப்பழம். பனைக்குக் கிழக்கே நின்று மண்ணைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். "யம்மா" என்று ஒரு குரல் வந்தது. அது என் அப்பாவின் குரலே இல்லை, ஏதோ சின்னப் பிள்ளையின் குரல். ஒப்பாரி பொம்பளைகள் வைப்பது, அவருக்கு அதில் ஒரு வரி தெரியாது. யம்மா, யம்மா என்றே இழுத்தார்.

டக் என்றது. பேராசிரியை அம்மாவின் விரல் டேப் ரிக்கார்டர் பொத்தானில் இருந்தது.

தாத்தா நிறுத்திவிட்டார். முகத்தைத் துண்டால் துடைத்தார்.

"இதையும் எடுத்துக்கிட்டுப் போறீங்களா தாயி?"

அம்மா பதறிப்போய் நாடாவை உருவி அவர் கையில் வைக்கப் பார்த்தார். அவர் வாங்கவில்லை. காரிலும் ஏறவில்லை, வயல் வரப்பில் இறங்கி நடந்தார்.

"வருஷா வருஷம் வகுப்புல சொல்றேன் ராசு, மொதல்ல மனுசங்க, அப்பறம்தான் மெஷின்னு" என்று என்னிடம் சொன்னார் அம்மா. பிறகு இரண்டொரு தடவை வீட்டுக்கு வந்தார். கார் சத்தம் கேட்டதுமே தாத்தா கொல்லைப்பக்கமாகப் போய்விடுவார்.

அந்தப் பாடத்துக்கு வர வரப் பிள்ளைகள் சேரவில்லை. அம்மா ஓய்வு பெற்றதும் கல்லூரியில் அதை எடுத்தேவிட்டார்கள். அவர் புத்தகம் இங்கிலீஷில் வந்தது. வாத்தியார் ஒருவரைக் கேட்டுப் பார்த்தேன், நம் ஊர் அதில் இல்லையாம். வேண்டுமென்றே விட்டிருப்பார். மன்னிப்பு கேட்க அவருக்குத் தெரிந்த வழி அதுவாக இருக்கலாம். அவரும் இப்போது இல்லை.

தாத்தா அந்தக் கரைக்குப் போவதை மட்டும் விடவில்லை. அமாவாசை தோறும் தனியாகப் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். அழுதாரா என்று தெரியாது, நான் கூடப் போனதில்லை. கடைசியாகப் படுத்தபோது, "என்னையும் அங்கனயே வச்சிருங்கடா" என்றார்.

நீங்கள் அப்போது கைப்பிள்ளைகள். குழி வெட்ட ஆள் கூட்டிக்கொண்டு போனேன். வடிகாலை அகலப்படுத்தி இரண்டு பக்கமும் சிமென்டு போட்டிருந்தார்கள். பனை இல்லை, கரையும் இல்லை. மண் எங்கே என்று கேட்டதற்கு, மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஆள் சொன்னார், டிப்பரில் அள்ளிக்கொண்டு போய் மன்னார்குடிப் பக்கம் புது மனைக்கட்டுகளுக்கு மேடு தூக்கக் கொட்டிவிட்டார்களாம். எந்த நகர் என்று அவருக்குத் தெரியவில்லை. தாத்தாவை ஊர்ச் சுடுகாட்டிலேயே வைத்துவிட்டு வந்தோம். மன்னார்குடிப் பக்கத்து மனைகளிலெல்லாம் இப்போது வீடுகள் வந்துவிட்டன, வாசலில் கோலம் போட்டிருக்கிறார்கள். எந்த வீட்டுக்கு அடியில் தாத்தாவின் அம்மா இருக்கிறார் என்று இனி யாரையும் கேட்க முடியாது.