படத்தில் இல்லாத வசனம்

சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்த அம்மா அப்படியே சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அதன்பிறகு அப்பா பேசுவதையே நிறுத்திவிட்டார். மலாக்காவில் எங்கள் தஞ்சோங் கிளிங் வீட்டில் டிவி மட்டும்தான் பேசியது. இவரும் போய்விடுவாரோ என்று எனக்கு ஒரே பயம்.

ஒருமுறை சிரிக்க வைத்துவிட்டால் போதும், பிழைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அதற்கு ஒரு படம் இருந்தது. அப்பாவும் அம்மாவும் நியாலாஸ் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், திடலில் திரை கட்டிக் காட்டிய பழைய படம். குண்டனும் ஒல்லியும் சேர்ந்து அடிக்கும் கூத்து. ஒல்லி செத்தவன்போல விழுவானாம். குண்டன் கத்துவானாம்: “டேய், செத்தாலும் பெரட்டுக்கு வந்து சொல்லிட்டுத்தான்டா சாவணும்!” விடிகாலை இருட்டில், வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வரிசையாக நின்று, கிராணி பேர் கூப்பிடக் காத்திருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அம்மா பேசாமல் சோறு போடுவார்.

மலாக்கா வீடியோ கடைகளில் நாயாய் அலைந்து கேசட்டைப் பிடித்துவிட்டேன். அதே தோட்டத்தில் இருந்த எதிர்வீட்டு அத்தையும் பார்க்க வந்தார்.

படமா அது, அறுவை! ஒரு பாட்டு முடிந்து மூச்சு விடுவதற்குள் கதாநாயகி வேறு புடவையில் வந்து அடுத்ததை ஆரம்பிக்கிறாள். சிரிக்க வைக்க வேண்டிய இரண்டு பேரும் தலையைக் காட்டிவிட்டு ஓடிவிடுகிறார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்பா மட்டும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

ஒல்லி விழுந்தான். குண்டன், “ஐயோ தம்பி!” என்று அழுதுவிட்டுப் பாட ஆரம்பித்தான்.

“அந்த வசனத்த வெட்டிட்டானுங்க,” என்றார் அப்பா.

“என்னண்ணே, மறந்துட்டீங்களா?” என்றார் அத்தை. “அன்னிக்குத் திடல்ல சவுண்ட் பெட்டி கெட்டுப்போச்சுலா. படம் ஊமையா ஓடுச்சு. அண்ணிதானே முன்னால ஒக்காந்து ரெண்டு பேருக்கும் வசனம் பேசுச்சு!”

இந்தியாவில் எடுத்த படத்தில் நம் தோட்டத்துப் பெரட்டு எப்படி வந்தது என்று நாங்கள் யாரும் ஒருநாளும் யோசித்ததில்லை. அம்மாவும் ஒருநாளும் சொன்னதில்லை.

அப்பா எழுந்துபோய் டிவி சத்தத்தை முழுசாகக் குறைத்தார். “திருப்பிப் போடும்மா.”

போட்டேன். ஒல்லி மறுபடி விழுந்தான். குண்டன் சத்தமில்லாமல் வாயைத் திறந்தான்.

“செத்தாலும் வந்து சொல்லிட்டுத்தான்டா சாவணும்,” என்றார் அப்பா. சிரிப்பு வரவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“அவ சொல்லாமப் போயிட்டாளேம்மா.”