உங்கள் பிரவுசரை யாரோ நிர்வகிக்கிறார்கள்

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் எது கெட்டுப்போனாலும் முதலில் கஸ்டமரைத்தான் சந்தேகப்பட வேண்டும்; பதினெட்டு வருஷமாக ராயபுரத்தில் கடை வைத்திருக்கும் நான் இந்த விதியை ஒருநாளும் மீறியதில்லை. உங்களில் யாராவது இதே தொழிலில் இருந்தால் தலையாட்டுவீர்கள். எங்களைப் போன்றவர்களிடம் மிஷினைக் கொடுத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து திட்டும் வாங்கிக்கொண்டு போனவர் என்றால், உங்களுக்கும் இதில் கொஞ்சம் ஆறுதல் உண்டு.

கடையில் பாதி எனக்கு, பாதி காஜாவுக்கு. அவன் போன் ரிப்பேர் செய்கிறவன். என் பாதிக்கு மூலதனம் ஒரு பென்டிரைவ். எந்த மிஷின் வந்தாலும் அதைச் சொருகி, உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டு, விண்டோஸ், பிரவுசர், தமிழ் எழுத்து, பிரிண்டர் எல்லாவற்றையும் அரை மணியில் ஏற்றிவிடுவேன். ஆயுத பூஜைக்கு அந்தப் பென்டிரைவுக்குத் தனியாகச் சந்தனம், குங்குமம் உண்டு.

பேரைச் சொல்லு

காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிற ஏகாம்பரம் அண்ணன், காற்றும் அலையும் பார்ப்பதற்காக வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார். நான்தான் ஃபார்மட் செய்து கொடுத்தேன். இரண்டே வாரத்தில் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிரவுசரில் பார்த்ததை அழிக்க முடியவில்லையாம். ஏன் அழிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எங்கள் தொழிலுக்கும் ஒரு கண்ணியம் இருக்கிறது. மெனுவின் அடியில், 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று ஒரு வரி இருந்தது. மகள் அதைப் படித்துக் காட்டிய நாளிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

கண்ட லிங்கையெல்லாம் தொட்டால் இப்படித்தான் ஆகும் என்று ஒரு பிரசங்கம் செய்தேன். விண்டோஸ் தன் விதிகளையெல்லாம் எழுதி வைக்கிற ரெஜிஸ்ட்ரிக்குள் போய் அந்தத் தடைகளை அழித்தேன். ரீஸ்டார்ட் செய்ததும் எல்லாம் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டன. "வைரஸ்" என்றேன். எனக்குப் புரியாத எதற்கும் நான் வைத்திருக்கும் பெயர் அது. ஏகாம்பரம் அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சொன்னார்: "நான் எவன்கிட்டயும் கைகட்டி நின்னவன் இல்ல நைனா. என் மிஷினை எவன் மேனேஜ் பண்ணிகினு கீறான்னு பேரை மட்டும் சொல்லு, மீதிய நான் பேசிக்கிறேன்."

அண்ணாச்சிக்குச் சகுனத் தடை

திருவொற்றியூரில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சிக்கு வேறு விதமான துன்பம். பிரவுசரைத் திறந்தால் சாமி படம் வர வேண்டும் என்று வைத்திருந்தார். நான் ஃபார்மட் செய்ததிலிருந்து, லாரி நுழைவுச் சீட்டு என்று ஏதோ ஒரு முகவரிக்குப் போய், 'இந்தப் பக்கத்தை அடைய முடியவில்லை' என்று நிற்கிறது. மாற்றப் போனால் மாற்ற விடுவதில்லை. கீழே அதே வரி, அதே நிறுவனம்.

இந்த வைரஸ் ஊரெல்லாம் பரவுகிறது அண்ணாச்சி, கடைப் பையன்களை நெட்டில் படம் பார்க்க விடாதீர்கள் என்றேன். அவர்கள் பாவம், எடைத் தராசைத் தவிர வேறு எதையும் தொடாதவர்கள். மறுபடி துடைத்து, மறுபடி என் பென்டிரைவிலிருந்தே ஏற்றிக் கொடுத்தேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கெல்லாம் போன் வந்தது: "கடையத் தொறந்ததும் மொதல்ல கண்ணுல படுததே 'முடியல'ன்னு இருந்தா, எப்படித் தம்பி யாவாரம் ஓடும்?"

ஜெனிபர் வீட்டு அட்மின்

ஜெனிபர் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற பெண். பகலெல்லாம் நின்று வேலை செய்துவிட்டு, எட்டு மாதமாக மெடிக்கல் கோடிங் படித்திருந்தாள். ஆஸ்பத்திரிக் குறிப்புகளைப் படித்து நோய்க்கு நம்பர் போடுகிற வேலை அது, உட்கார்ந்து செய்யலாம். இந்த மாதத்துக்குள் பரீட்சை பாஸ் செய்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்று ஒரு கம்பெனி சொல்லியிருந்தது. பரீட்சை வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் காப்பியடிக்காமல் கண்காணிக்க, பிரவுசரில் எக்ஸ்டென்ஷன் என்று ஒரு ஒட்டு நிரல் போட வேண்டும். நான் ஃபார்மட் செய்து கொடுத்த லேப்டாப்பில் அதைப் போடப் போனால், 'உங்கள் அட்மின் தடுத்துள்ளார்' என்று வந்தது.

படிப்பு வாட்ஸ்அப் குரூப்பில் வருகிற பிடிஎஃப் எல்லாவற்றையும் இறக்கினால் வேறென்ன ஆகும் என்று அவளையும் திட்டினேன். எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னேன். முகம் சுருங்க ஒவ்வொன்றாக அழித்தாள். கையால் எழுதிய நாலு நோட்டு இருந்ததால் படிப்பு பிழைத்தது. லேப்டாப்பைப் பைக்குள் வைக்கும்போது கேட்டாள்: "வூட்ல நானும் எங்கம்மாவும்தான் கீறோம். எங்கம்மாவுக்கு டச் போனே வராது. அப்ப அட்மின் யாருண்ணா?"

காஜா கண்டுபிடித்த வியாதி

பரீட்சை சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. அன்று காலை பத்தரைக்கு ஜெனிபர் மறுபடி வந்தாள். எக்ஸ்டென்ஷன் இன்னும் ஏறவில்லை. இந்தத் தேதி தவறினால் அடுத்தது இரண்டு மாதம் கழித்துத்தான். அவள் அழவில்லை, கத்தவில்லை, ஸ்டூலில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குக் கத்தியிருக்கலாம். நான் வழக்கம்போலப் பென்டிரைவை எடுத்தேன்.

ஒரு போனின் வயிற்றைப் பிளந்து வைத்திருந்த காஜா, தலையைத் தூக்காமலே சொன்னான்: "அத்த வை மாமு. நீ கை வெச்ச மிஷினுக்கு மட்டும்தான் இந்த வியாதி கீது. போன் ரிப்பேர்காரன், எனக்கே தெரியுது."

பேரைச் சொன்னேன்

அதே பென்டிரைவிலிருந்து ஏற்றிய என் கடைக் கம்ப்யூட்டரிலேயே பிரவுசரைத் திறந்து மெனுவின் அடியைப் பார்த்தேன். பதினெட்டு வருஷ அனுபவஸ்தன் அதுவரை அங்கே பார்த்ததில்லை. அதே வரி. தடைப் பட்டியலைத் திறந்தேன். பார்த்ததை அழிக்கக் கூடாது, எக்ஸ்டென்ஷன் கூடாது, முதல் பக்கம் லாரி நுழைவுச் சீட்டு. அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன ஆயுத பூஜைக்குக் கொஞ்சம் முன்னால், துறைமுகத்துப் பக்கம் ஒரு கன்டெய்னர் ஆபீஸ் மூடியபோது பழைய லேப்டாப்புகளை மொத்தமாக வாங்கினேன். அதில் ஒன்று கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. அதை அப்படியே நகல் எடுத்துத்தான் என் பென்டிரைவில் வைத்தேன். அந்த ஆபீஸ் தன் ஆட்களுக்குப் போட்ட கட்டுப்பாடுகள், மிஷின் எழுந்ததும் அவற்றைத் திரும்ப எழுதுகிற ஒரு சின்ன ஃபைல், எல்லாமே அதில் இருந்தன. நான் குங்குமம் வைத்தது அதற்குத்தான்.

ஜெனிபரின் லேப்டாப்பில் அந்த ஃபைலையும் தடைகளையும் அழிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. எக்ஸ்டென்ஷன் ஏறியது. ஜெனிபர் கேட்டாள், அட்மின் யாரென்று தெரிந்ததா என்று. வைரஸ் என்று சொல்ல வாய் வரை வந்தது. காஜா பார்த்துக்கொண்டிருந்தான். நான்தான் என்றேன். அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "அப்ப நான் அழிச்சதெல்லாம் சும்மாவாண்ணா?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு கஸ்டமர் முன்னால் இப்படிக் கூசி நின்றது அதுதான் முதல் தடவை.

பாஸாகிவிட்டாள். ஸ்வீட் பாக்ஸைக் காஜா கையில் கொடுத்துவிட்டுப் போனாள், அதுதான் நியாயம். நான் அந்த ஃபைலை அழிக்க வீடு வீடாகக் கிளம்பினேன். அண்ணாச்சிக்குச் சாமி படம் திரும்பியது. காசிமேட்டில் வேலையை முடித்துவிட்டு, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். ஏகாம்பரம் அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார்: "பேரைச் சொல்லுன்னு அன்னிக்கே கேட்டேனே நைனா, அப்பவே உன் பேரைச் சொல்லியிருந்தா நான் எதுக்கு என் மச்சானைப் போட்டு அடிக்கப் போறேன்?"

பதினெட்டு வருஷமாகச் சொந்தக் கடை நடத்துவதாக நினைத்துக்கொண்டிருந்த நான், மூடிப்போன ஒரு கன்டெய்னர் ஆபீசுக்குச் சம்பளமில்லாமல் ராயபுரம் கிளையை நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.