லாங் பஜாரில் எடுத்த முகங்கள்

முகத்தைப் பார்த்துப் பிறர் மனத்தை அறியும் சக்தியை ஸ்கிசோஃப்ரினியா என்ற மனநோய் எவ்வளவு கெடுக்கிறது? இதைத் தெரிந்துகொள்ளத்தான் சர்வகலாசாலையிலிருந்து வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தோம். பேராசிரியர், நான், என் தோழன். உலகத்தையே ஒரு வாரத்தில் திருத்திவிடும் வேகம் எனக்கு.

நோயாளிகளிடம் காட்டிக் கேட்கச் சீமையிலிருந்து வந்த படங்களில் தொப்பி போட்ட துரைமார் அழுதார்கள், சிரித்தார்கள். "இந்த மூஞ்சியெல்லாம் நம்ம ஊர்க்காரங்க எங்க சார் பாத்திருக்காங்க? நானே புதுசா எடுத்துட்டு வர்றேன்" என்று கிளம்பினேன்.

லாங் பஜாரில் ஒரு போட்டோக் கடை பிடித்தேன். வெற்றிலைக்காரர், ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை என்று வந்தவர் போனவரையெல்லாம் இழுத்து உட்காரவைத்து, "கோபமா பாருங்க", "அழற மாதிரி இருங்க" என்று கெஞ்சினேன். எல்லோரும் சரி என்று தலையாட்டினார்கள். ஆனால் போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்ததுதான் தாமதம், பொத்தானைப் போட்டு, நெஞ்சை நிமிர்த்தி, கைகளை முழங்காலில் ஊன்றி உறைந்துபோனார்கள். போட்டோ என்றால் அப்படித்தானே உட்கார வேண்டும்!

கழுவி வந்த படங்களை என் தோழன் விசிறிபோல் விரித்தான். "இதுல யாருப்பா சந்தோஷம், யாரு துக்கம்? எல்லாரும் கோர்ட்டுல சாட்சி சொல்ல வந்தவங்க மாதிரி இருக்காங்க."

மறுநாள் பரிசோதனைக்கு வந்தவர் ஆம்பூர்த் தோல் கிடங்கில் வேலை பார்த்தவர். ஆளில்லாத இடத்தில் குரல் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சையே விட்டுவிட்டவர். முதல் ரயிலில் அவரை அழைத்து வந்த மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாளிடம் பேராசிரியர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்: மனிதர்களோடு ஒட்டும் வழி கொஞ்சமாவது மிச்சமிருந்தால் வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம், இல்லாவிட்டால் சென்னைப் பைத்திய ஆஸ்பத்திரிக்கு எழுதத்தான் வேண்டும்.

துரைமார் படங்களுக்கு ஆம்பூர்க்காரர் வாய் திறக்கவில்லை. என் படங்களுக்கும் இல்லை. அவற்றுக்கு என்னாலேயே பதில் சொல்ல முடிந்திராது. சென்னைக்கு எழுதப் பேராசிரியர் பேனாவை எடுத்தார்.

"சார், ஒரு நிமிஷம். நானே நடிச்சுக் காட்டறேன்" என்று குதித்தேன். கண்ணை உருட்டினேன், பல்லைக் கடித்தேன். தோழன் கைக்குட்டையில் சிரிப்பை அமுக்கினான். அவர் அசையவில்லை. கடைசியாக முகமெல்லாம் பல்லாக ஒரு சிரிப்பை வரவழைத்து, "இது இன்னா, சொல்லுங்க?" என்றேன்.

அவர் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பயம்."

"நான் சிரிக்கறேனே!"

"பல்லு சிரிக்குது. கை நடுங்குது சார். பெரிய சார் திட்டுவாருன்னு பேஜாராயிட்டீங்க."

என் கையிலிருந்த படங்களை வாங்கி, அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். "வுடுங்க சார். வேற எடுத்துக்கலாம்."

என்னைத் தேற்றுகிறார்! பேராசிரியர் பேனாவை மூடிவிட்டு வெளியே போனார். அவரையும் அழைத்துக்கொண்டு நாங்கள் பின்னால் போனோம்.

"வீட்டுக்கே அழைச்சுட்டுப் போம்மா. மாசா மாசம் கொண்டாந்து காட்டு. குரல் ஜாஸ்தியானா உடனே வந்துடு."

அந்த அம்மாள் நம்பவில்லை. என் பக்கம் திரும்பினார். "பேசினாரா தம்பி? வூட்ல எங்கிட்ட ஒரு வார்த்தை கெடையாது, உங்ககிட்ட பேசினாரா?" கோபமும் சந்தோஷமும் ஒரே முகத்தில். அதையல்லவா நான் படம் பிடித்திருக்க வேண்டும்!

பிறகு கணவர் எதிரில் போய் நின்றார். "எங்க, என் மூஞ்சயப் பாத்துச் சொல்லுங்க. எனக்கு இப்ப இன்னா?"

அவர் வெகுநேரம் பார்த்தார்.

"பசி" என்றார். "காத்தாலேர்ந்து நீ ஒண்ணும் துன்னல."

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

வாசல்வரை போய் அவர்களை அனுப்பிவைத்தேன். அவர் முன்னால் போனார், மனைவி பின்னால். இட்லிக் கடை வந்ததும் அவர் நின்றார். மனைவி வந்து சேரும்வரை நின்றார்.