வாசல் பதிவில் இல்லாத மூன்று நாள்

ஆடிட் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ஆகாது. ஒரகடத்தில் காருக்கு பிரேக் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில், கம்ப்யூட்டர் பிரிவில், பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். எங்களிடம் பாகம் வாங்கும் கார் கம்பெனியிலிருந்து வருடத்துக்கு இரண்டு முறை ஆட்கள் வருவார்கள். அதில் ஒருவர் எங்கள் பிரிவுக்கென்றே வருபவர். அவருக்கு வாயால் சொல்வது எதுவும் செல்லாது. வேலையை விட்டுப் போனவன் கணக்கை மூடியாகிவிட்டதா? படம் காட்டு. வைரஸ் தடுப்பு எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஓடுகிறதா? படம் காட்டு. பேக்கப் எடுத்ததைத் திருப்பிப் போட்டுப் பார்த்தீர்களா? தேதியோடு படம் காட்டு.

அந்தப் படங்களை எடுப்பதற்கே மூன்று வாரம் போகும். ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய் உட்கார்ந்து, திரையைப் படம் பிடித்து, பெயர் வைத்து, ஃபோல்டரில் போட்டு, பிறகு அதையே பிரிண்ட் எடுத்து ஃபைலிலும் கோத்து வைக்க வேண்டும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அழுக்கு இருந்தால் முதலில் துடைத்துவிட்டுத்தான் படம் எடுப்போம். எந்த இருபது கம்ப்யூட்டரைக் காட்டுவது என்று நாங்களே பொறுக்கிக் கொடுப்போம். வந்தவரும் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, "வெரி குட்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். இந்த நாடகம் எனக்கு அலுத்துவிட்டது. சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோவில் பத்து பேரோடு இடுக்கிக்கொண்டு வரும்போதெல்லாம், இன்றைக்கும் படம் பிடிக்கத்தானே போகிறோம் என்று எரிச்சலாக வரும். படித்த படிப்புக்கு இதுவா வேலை?

அதனால் நானே ஒரு புரோகிராம் எழுதினேன். தினமும் காலை ஆறு மணிக்கு அது தானாக எழுந்து, எல்லாக் கம்ப்யூட்டரையும் எல்லாக் கணக்கையும் பார்த்து, ஆதாரத்தை எடுத்து, தேதி நேரம் குத்தி, சரி என்றால் பச்சை, தப்பு என்றால் சிவப்பு என்று ஒரு அறிக்கை போட்டு, தலைமை அலுவலகத்துக்கும் கார் கம்பெனிக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிவிடும். அனுப்பியதைத் திரும்ப வாங்க முடியாது. யாரும் கை வைக்க முடியாது என்பதுதான் அதன் பெருமையே. எங்கள் மேனேஜர் என் தோளில் தட்டி, "இனிமே ஆடிட்டுக்கு நம்ம யாரும் சாவ வேணாம்பா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தத் திமிரில்தான் ஒன்றைச் சேர்த்தேன். யாரும் கேட்கவில்லை. வாசலில் அட்டையைத் தேய்த்து உள்ளே வரும் பதிவையும், கம்ப்யூட்டரில் லாகின் ஆன பதிவையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். கம்பெனிக்குள்ளேயே வராத ஆள் பெயரில் அன்றைக்கு லாகின் நடந்திருந்தால் சிவப்பு. ஆபீஸில் மேசை வேலை பார்ப்பவர்கள் கணக்கை வைத்து ஒரு வாரம் சோதித்தேன். அருமையாக ஓடியது. பாகங்கள் தயாராகும் லைனை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

லைனில் நடப்பது வேறு. ஒரு லைனுக்கு ஒரு கம்ப்யூட்டர்தான். ஒவ்வொரு பாகத்திலும் போல்ட் சரியாக முறுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து அதில் பதிய வேண்டும். ஆளுக்கு ஒரு லாகின் என்றால் ஆளுக்கு ஒரு சாஃப்ட்வேர் லைசென்ஸ் காசு கொடுத்து வாங்க வேண்டும், வாங்க மாட்டார்கள். அதனால் லைன் லீடர் பெயரில் ஒரே ஒரு லாகின், மூன்று ஷிப்ட்டும் அதில்தான் ஓடும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு மானிட்டர் ஓரத்தில் காய்ந்திருக்கும். கீபோர்டைத் திருப்பினால் பாஸ்வேர்டு மார்க்கரால் எழுதியிருக்கும். இது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு எல்லோரையும் விட நன்றாகத் தெரியும். ஏனென்றால் அப்படிச் செய்யச் சொன்னவனே நான்தான்.

நான்காவது லைனின் லீடர் வாலாஜாபாத் பக்கத்துப் பெண். என்னை விட நாலைந்து வயது சின்னவர். கான்ட்ராக்டில் வந்து ஏழு வருடம் கழித்து பர்மனென்ட் ஆனவர். அவர் லைனில் ரிஜெக்ஷன் வந்து நான் பார்த்ததில்லை. லீடர் ஆன புதிதில் எனக்கு போன் செய்தார். "சார், மூணு ஷிப்ட்டு ஆளுங்களும் என் பேர்லயே பூந்து எழுதறாங்க. நாளைக்கு எதனா ஒண்ணுன்னா என் தல தானே உருளும்? தனித்தனியா போட்டுக் குடுங்க சார்." எனக்கு அன்றைக்கு ஏதோ கடுப்பு. "லைசென்ஸ் இல்லம்மா. உங்க லாகின்லயே எல்லாரும் ஓட்டிக்கோங்க. ஒண்ணும் ஆவாது, நான் இருக்கேன்" என்று சொல்லி போனை வைத்தேன். நான் இருக்கேனாம். என்ன வாய் எனக்கு!

இந்த வருடம் அவருடைய மாமனார் இறந்துபோனார். சாவுக்கு ஒரு நாள்தான் லீவு எடுத்தார். பிறகு காரியத்துக்கு மூன்று நாள் லீவு போட்டார். அந்த மூன்று நாளும் லைன் வழக்கம்போல ஓடியது. லீடர் இல்லாத இடத்தில் நின்ற கான்ட்ராக்ட் பெண் அந்த ஒரே லாகினில்தான் பதிந்தாள். வேறு எதில் பதிவாள்? லாகின் இல்லாமல் பதிய முடியாது, பதியாமல் பாகம் வெளியே போகாது, பாகம் போகாவிட்டால் மேலிருந்து கீழ்வரை எல்லோரும் கத்துவார்கள்.

என் புரோகிராம் லைனில் ஓடத் தொடங்கியது அந்த வாரம்தான். மூன்று நாளும் காலை ஆறு மணிக்குச் சிவப்பு. மற்ற லைன் லீடர்கள் யாரும் லீவு எடுக்காததால் அவர்கள் பெயர் தப்பியது. இவர் பெயர் மட்டும் மாட்டிக்கொண்டது. முதல் நாள் அறிக்கையை நான் பார்த்தேன். புதுசு, ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் மதியம் கார் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. ஆலைக்கே வராத ஒருவர் பெயரில் பிரேக் பாகங்களின் சோதனைப் பதிவு ஆயிரக்கணக்கில் இருக்கிறது, இது போலிப் பதிவு, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். எங்கள் ஆலைத் தலைவர் அந்த மெயிலைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். யார் அந்தப் பொம்பளை?

நான்காவது லைன் லீடர் காரியம் முடித்து வேலைக்கு வந்த அன்றைக்கே வாசலில் நிறுத்திவிட்டார்கள். சஸ்பென்ஷன், பிறகு விசாரணை. குற்றம், தரப் பதிவைப் போலியாக்கியது. இந்தக் காரணத்தோடு வெளியே போனால், மண்ணூரிலிருந்து வாலாஜாபாத் வரைக்கும் எந்தக் கம்பெனியும் அவரைச் சேர்க்காது. இந்த ரோட்டில் எச்.ஆர். ஆட்கள் எல்லோரும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறார்கள்.

விசாரணைக்கு என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். நீளமான மேசை. ஒரு பக்கம் எச்.ஆர். அதிகாரியும் வெளியிலிருந்து வந்த ஒரு வக்கீலும். எதிரே அவர் தனியாக, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாஸ்வேர்டை ஏன் கொடுத்தாய் என்று வக்கீல் கேட்டார்.

"நான் குடுக்கல சார். அது எப்பவும் அங்கயே தான் கீது. லைனே அப்டி தான் ஓடுது. ஐடி சார் தான் அப்டி ஓட்டிக்கச் சொன்னாரு. தனி லாகின் வேணும்னு கம்ப்யூட்டர்ல ரிக்வெஸ்ட்டு கூடப் போட்டேன்."

"ரிக்வெஸ்ட் நம்பர் இருக்கா?"

"இப்ப இல்ல சார். நம்பரு மெசேஜ்ல வந்துது."

வக்கீல் என் பக்கம் திரும்பினார். நீங்கள் சொன்னீர்களா என்று கேட்டார். எங்கள் மேனேஜர் எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். உள்ளே வருவதற்கு முன்னால் காரிடாரில் என்னை நிறுத்தி, "யோவ், ஐடி பேரு இதுல வரவே கூடாது. வந்துச்சுன்னா நீயும் நானும் அந்தம்மா பின்னாடியே போவ வேண்டியது தான்" என்று சொல்லியிருந்தார். எனக்கு மறைமலைநகரில் வீட்டுக் கடன், இரண்டு பிள்ளைகள். இதை நியாயம் என்று நான் சொல்லவில்லை. பயந்துவிட்டேன், அவ்வளவுதான்.

"அப்படிச் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல சார்" என்றேன். ரிக்வெஸ்ட் பற்றிக் கேட்டபோது லேப்டாப்பைத் திறந்து, நிலுவையில் இருக்கும் பட்டியலைப் பார்த்துவிட்டு, அவர் பெயரில் எதுவும் இல்லை என்றேன். அது பொய் இல்லை. நிலுவையில் இல்லைதான். அவர் என் பக்கம் திரும்பினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "சரி சார், உங்களுக்கு ஞாபகம் இல்லன்னா உடுங்க" என்றார், ஏதோ எனக்குத்தான் உடம்பு சரியில்லை என்பதுபோல.

பத்து நாளில் உத்தரவு வந்தது. டிஸ்மிஸ். மேல்முறையீடு செய்ய ஒரு வாரம் அவகாசம். புதிய ஆதாரம் இருந்தால் மட்டும் கொடுக்கலாம் என்று போட்டிருந்தது. அதற்குள் மற்ற லைன் லீடர்கள் விவரமாகிவிட்டார்கள். காய்ச்சலோடு வந்து வாசலில் அட்டையைத் தேய்த்துவிட்டு ஓய்வறையில் போய்ப் படுத்துக்கொண்டார்கள். பாஸ்வேர்டு கீபோர்டுக்கு அடியில் அப்படியேதான் இருந்தது. அறிக்கை முழுக்கப் பச்சை.

எங்கள் கம்பெனியில் வேலையை விட்டுப் போகிறவர் ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர்ஸ், டூல் ரூம், கேன்டீன் என்று ஒவ்வொரு பிரிவாகப் போய்க் கையெழுத்து வாங்க வேண்டும். டிஸ்மிஸ் ஆனவருக்கும் அதே கதிதான். உத்தரவு வந்து ஐந்தாம் நாள் அவர் அந்தத் தாளோடு என் மேசைக்கு வந்தார். கூடவே செக்யூரிட்டி ஒருவர் வந்து கதவருகே நின்றார். திருடியைக் கூட்டிவருவதுபோல. எனக்கு அவமானமாக இருந்தது.

தாளை மேசையில் வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார்.

"சார், நம்பர் கெடச்சிட்ச்சி. என் வூட்டுக்காரரு போனுக்கு தான் மெசேஜ் போயிருக்குது. அப்ப அவரு நம்பரத் தான் குடுத்து வெச்சிருந்தேன். நேத்து தான் தேடி எடுத்தாரு. இத்தப் போட்டு ஒரு தபா பாருங்க சார். இருந்துதுன்னா ஒரு பிரிண்ட்டு மட்டும் எடுத்துக் குடுங்க. அப்பீலுக்கு இன்னும் ரெண்டு நாள் கீது."

நம்பரை அடித்தேன். வந்தது.

அவரே தமிழில் அடித்து அனுப்பியிருந்தார். என் லாகினில் மூன்று ஷிப்ட் ஆட்களும் வேலை செய்கிறார்கள், போனில் கேட்டதற்கு அப்படியே செய்யச் சொன்னார்கள், எனக்கு பயமாக உள்ளது, தயவுசெய்து தனித்தனி லாகின் தரவும். கீழே நிலை, மூடப்பட்டது. காரணம், தேவையில்லை. மூடியவர் என்ற இடத்தில் என் பெயர்.

புரோகிராமைத் தொடங்குவதற்கு முதல் நாள் நான் செய்த வேலை அது. ஒரு மாதத்துக்கு மேல் நிலுவையில் கிடக்கும் ரிக்வெஸ்ட்டையும் அது சிவப்பாகக் காட்டியது. முதல் அறிக்கை பச்சையாகப் போக வேண்டும் என்று மேனேஜர் சொன்னார். பழசு எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே அமுக்கில் மூடினேன். எதையும் படிக்கவில்லை. விசாரணையில் உட்கார்ந்திருந்தபோது அது என் நினைவுக்கு வரவே இல்லை என்று எழுதினால், பாதிதான் உண்மை.

திரை என் பக்கம் இருந்தது. அவர் எட்டிப் பார்க்கவில்லை. அப்படிப் பார்ப்பது மரியாதை இல்லை என்று நினைக்கிறவர்.

"இன்னா சார், இருக்குதா?"

பிரிண்டர் எனக்கு இரண்டடி தூரத்தில் இருந்தது. ஒரு பட்டனை அமுக்கினால் போதும். அவர் வேலை திரும்பக் கிடைத்திருக்கும், என் வேலை போயிருக்கும். கதவருகே நின்ற செக்யூரிட்டி கடிகாரத்தைப் பார்த்தார்.

"இல்லம்மா" என்றேன். "இந்த நம்பர்ல எதுவும் காட்டல."

"நல்லாப் பாத்தீங்களா சார்?"

"பாத்துட்டேம்மா."

அவர் சீட்டை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். தாளில் என் பிரிவுக்கான கட்டத்தைக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். "தேங்க்ஸ் சார். உங்களுக்குத் தான் என்னால வீண் தொந்தரவு" என்று சொல்லிவிட்டுப் போனார்.